சம்பளச் சீட்டைப் பாருங்கள், பிறகு தீர்ப்புச் சொல்லுங்கள்

(‘தேர்தல் நேரத்து வரி வாக்குறுதிகள்: காற்றோடு போனவையா, கைக்கு வந்தவையா?’ என்ற தலைப்பில் நடந்த தொலைக்காட்சிக் கருத்தரங்கில், 2012ஆம் ஆண்டு அமெரிக்க அதிபர் தேர்தலில் இரண்டாம் முறையாகப் போட்டியிட்ட பராக் ஒபாமாவுக்காக வாதிட்டவர் ஆற்றிய உரை.)



நண்பர் நன்றாகப் பேசினார். கைதட்டலும் வாங்கினார். அவர் சொன்னதன் சாரம் இதுதான்: “நடுத்தர வர்க்கத்தின் வரியைக் குறைப்பேன் என்று சொல்லித்தான் ஒபாமா 2008இல் வாக்குக் கேட்டார். நான்கு ஆண்டு கழித்து மறுபடியும் வந்து நின்றார். இடையில் ஒன்றும் செய்யவில்லை. இதை நான் சொல்லவில்லை, அமெரிக்க மக்களே சொன்னார்கள்.”

கடைசி வாக்கியத்தை நான் அப்படியே ஏற்றுக்கொள்கிறேன். 2010 செப்டம்பரில் நியூயார்க் டைம்ஸ் நாளிதழும் சிபிஎஸ் தொலைக்காட்சியும் சேர்ந்து ஒரு கருத்துக்கணிப்பு நடத்தின. ஒபாமா அரசு பெரும்பாலான மக்களுக்கு வரியைக் குறைத்திருக்கிறது என்று அறிந்திருந்தவர்கள் பத்தில் ஒருவர்கூட இல்லை. பாதிப் பேர் வரி அப்படியே இருக்கிறது என்றார்கள். மூன்றில் ஒருவர் வரி ஏறிவிட்டது என்றே நினைத்தார்.

ஆனால் அந்தக் கணிப்பு நடந்தபோது வரி குறைந்து ஒன்றரை ஆண்டு ஆகியிருந்தது. சட்டப் புத்தகத்தில் குறைந்திருந்தது. ஒவ்வொருவரின் சம்பளச் சீட்டிலும் குறைந்திருந்தது. மனதில் மட்டும் குறையவில்லை. இது ஏன் என்பதைச் சொன்னால், என் வாதத்தில் பாதி முடிந்துவிடும்.

சம்பளப் பிரிவு சொல்லும் பாடம்

என்னைப் பற்றி ஒரு வார்த்தை. நான் பொருளாதார நிபுணன் அல்லன். ஒரு தொழிற்சாலையின் சம்பளப் பிரிவில் முப்பது ஆண்டு வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். ஊழியர் சேமநிதி, சொக்சோ, பி.சி.பி. எனப்படும் மாதாந்திர வருமான வரிக் கழிவு, இவற்றோடுதான் என் காலம் கழிந்தது.

அந்த முப்பது ஆண்டில் நான் கண்ட உண்மை ஒன்று உண்டு. ஒருவருக்குச் சம்பளத்தில் ஐந்து ரிங்கிட் குறைந்தால், மதியச் சாப்பாட்டு நேரத்திற்குள் சீட்டைத் தூக்கிக்கொண்டு என் மேசைக்கு வந்துவிடுவார். “என்னண்ணே, ஐந்து வெள்ளி எங்கே போச்சு?” என்று கேட்பார். அதே ஆளுக்கு வரிக் கழிவு மாறி முப்பது ரிங்கிட் கூடினால் எட்டிக்கூடப் பார்க்க மாட்டார். கூடியது அவருக்குத் தெரியாது. தெரிந்தாலும், போன மாதம் செய்த மிகுநேர வேலைக்குக் கிடைத்தது என்று நினைத்துக்கொள்வார். இதில் அமெரிக்கர் என்ன, மலேசியர் என்ன? மனித மனம் ஒன்றுதான்.

கொடுத்தது என்ன?

இப்போது கணக்கிற்கு வருவோம். 2009 பிப்ரவரி 17ஆம் தேதி, பதவியேற்று ஒரு மாதம்கூட நிறையாத நிலையில், டென்வர் நகரில் ஒபாமா பொருளாதார மீட்புச் சட்டத்தில் கையெழுத்திட்டார். சாலை, பாலம், பள்ளிக்கூடம் என்று அதில் பலவும் இருந்தன. ஆனால் மொத்தத் தொகையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு வரிக் குறைப்புதான். அதில் முதன்மையானது, உழைத்துச் சம்பாதிப்பவருக்கு ஆளுக்கு 400 டாலர், கணவன் மனைவிக்குச் சேர்த்து 800 டாலர் என்ற வரிக் கழிவு. 2009க்கும் கிடைத்தது, 2010க்கும் கிடைத்தது.

யாருக்குக் கிடைத்தது என்பதையும் பாருங்கள். தனிநபர் வருமானம் ஆண்டுக்கு 75,000 டாலரைத் தாண்டினால் சலுகை குறையத் தொடங்கும். 95,000 டாலரில் நின்றுவிடும். தம்பதிகளுக்கு 150,000 டாலரில் குறையத் தொடங்கி 190,000 டாலரில் நிற்கும். ஆகவே கோடீஸ்வரருக்கு இதில் ஒரு காசும் இல்லை. பேருந்து ஓட்டுநருக்கும், தாதியருக்கும், ஆசிரியருக்கும், கடைச் சிப்பந்திக்கும்தான் போனது. வாக்குறுதி யாருக்குத் தரப்பட்டதோ, பணமும் அவர்களுக்கே போனது.

கல்லூரிக்குப் பிள்ளையை அனுப்பும் பெற்றோருக்கு இன்னொரு சலுகை. முன்பு ஆண்டுக்கு அதிகபட்சம் 1,800 டாலராக இருந்த கல்விக் கட்டண வரிக் கழிவு 2,500 டாலர் ஆனது. கட்ட வேண்டிய வரியே இல்லாத ஏழைக் குடும்பத்திற்கும் அதில் 1,000 டாலர் வரை ரொக்கமாகத் திரும்பக் கிடைத்தது. இந்தச் சலுகை 2015 டிசம்பரில் நிரந்தரமாக்கப்பட்டது. இன்றும் நடைமுறையில் இருக்கிறது.

ஏன் யாருக்கும் தெரியவில்லை?

பிறகு ஏன் பத்தில் ஒருவருக்குக்கூடத் தெரியவில்லை? பணத்தைக் கொடுத்த விதம்தான் காரணம்.

அதிபர் புஷ் காலத்தில் 2001இலும் 2008இலும் வரிப் பணம் திருப்பித் தரப்பட்டபோது, பெரும்பாலோருக்கு வீட்டுக்குக் காசோலை வந்தது. தபால்காரர் கொண்டு வந்தார். குடும்பமே கூடி நின்று உறையைப் பிரித்தது. அரசாங்கம் கொடுத்தது என்று எல்லாருக்கும் தெரிந்தது. ஒபாமாவின் சலுகையோ சம்பளத்திலேயே சேர்ந்து வந்தது. 2009 ஏப்ரல் 1ஆம் தேதிக்குள் எல்லா முதலாளிகளும் புதிய வரிப்பிடித்த அட்டவணைக்கு மாற வேண்டும் என்றார்கள். மாதம் பிடிக்கும் வரி கொஞ்சம் குறைந்தது. 2010இல் அது எவ்வளவு? 400ஐப் பன்னிரண்டால் வகுத்துப் பாருங்கள். மாதத்திற்கு ஏறக்குறைய 33 டாலர். வாரத்திற்கு எட்டு டாலர்கூட இல்லை. யார் கண்ணில் படும்?

வேண்டுமென்றேதான் அப்படிச் செய்தார்கள். மொத்தமாகக் காசோலை கொடுத்தால் மக்கள் வங்கியில் போடுவார்கள், அல்லது கடன் அட்டைப் பாக்கியைக் கட்டுவார்கள். சிறிது சிறிதாகச் சம்பளத்தில் சேர்த்தால் மளிகைக்கும் பெட்ரோலுக்கும் செலவாகும், கடைகளில் வியாபாரம் நடக்கும், வேலைகள் காப்பாற்றப்படும் என்பது கணக்கு. 2009 அக்டோபரில் அமெரிக்காவில் வேலையின்மை 10 விழுக்காட்டைத் தொட்டது என்பதை மறந்துவிட வேண்டாம். வீடு எரியும்போது யார் பெயரில் தண்ணீர் ஊற்றுவது என்று பார்க்க முடியுமா?

நேர்மையாக இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். அந்தக் கணக்கு பலித்ததா? கிளாடியா சாம், மேத்யூ ஷப்பிரோ, ஜோயல் ஸ்லெம்ராட் என்ற மூன்று பொருளியலாளர்கள் மக்களிடமே கேட்டு ஆராய்ந்தார்கள். 2008இல் கிடைத்த ஒருமுறைத் தொகையைப் பெரும்பாலும் செலவு செய்ததாகச் சொன்னவர்கள் 25 விழுக்காடு. 2009இல் சம்பளத்தோடு வந்ததைச் செலவு செய்ததாகச் சொன்னவர்கள் 13 விழுக்காடுதான். ஆக, காசோலை அனுப்பியிருந்தால் பொருளாதாரத்திற்கும் நல்லது, ஒபாமாவின் பெயருக்கும் நல்லது என்று வாதிடலாம். கொடுத்த விதத்தில் தவறு என்று சொல்லுங்கள், தலையாட்டுகிறேன். கொடுக்கவே இல்லை என்று சொல்வதை எப்படி ஏற்பது?

இன்னொரு காரணமும் உண்டு. அதே 2009 ஏப்ரல் 1ஆம் தேதி கலிபோர்னியா மாநிலம் தன் விற்பனை வரியை ஒரு விழுக்காட்டுப் புள்ளி ஏற்றியது. மந்த காலத்தில் மாநிலங்களுக்கும் பணமுடை. மத்திய அரசு சம்பளத்தில் கொடுத்தது கண்ணுக்குத் தெரியவில்லை. மாநில அரசு கடையில் பிடுங்கியது ஒவ்வொரு ரசீதிலும் தெரிந்தது. சாமானியருக்கு எல்லாமே ‘கவர்மெண்டு’தான். பழி யார் தலையில் விழும்?

3,600 டாலர் கணக்கு

2010 நவம்பரில் இடைத்தேர்தல் வந்தது. ஒபாமாவின் கட்சி மக்களவையில் 63 இடங்களை இழந்தது. அந்த ஆண்டு முடிவில் இரண்டு விஷயங்கள் காலாவதி ஆகவிருந்தன. ஒன்று, புஷ் காலத்து வரிக் குறைப்புகள். மற்றொன்று, நான் சொன்ன 400 டாலர் சலுகை.

ஒபாமா விரும்பியது, ஆண்டுக்கு 250,000 டாலருக்குக் கீழே உள்ள குடும்பங்களுக்கு மட்டும் புஷ் காலத்துக் குறைப்பை நீட்டிக்க வேண்டும் என்பது. எதிர்க்கட்சி, பணக்காரர்களுக்கும் சேர்த்தால்தான் ஆயிற்று என்று நின்றது. கடைசியில் 2010 டிசம்பரில் ஓர் உடன்பாடு. எல்லாருக்கும் இரண்டு ஆண்டு நீட்டிப்பு. பதிலுக்கு, வேலை இழந்தோருக்கான உதவித்தொகை தொடரும். அத்துடன், தொழிலாளி சமூகப் பாதுகாப்பு நிதிக்குச் செலுத்தும் பங்கு 6.2 விழுக்காட்டில் இருந்து 4.2 விழுக்காடாகக் குறையும்.

நம் மக்களுக்கு இது எளிதில் புரியும். நம் நாட்டில் 2009 ஜனவரி முதல் இரண்டு ஆண்டுக்கு ஊழியர் சேமநிதியில் தொழிலாளியின் பங்கு 11இல் இருந்து 8 விழுக்காடாகக் குறைக்கப்பட்டது நினைவிருக்கிறதா? விரும்பியவர்கள் 11 விழுக்காட்டிலேயே இருக்கலாம் என்று பாரம் கொடுத்தார்கள். அந்தப் பாரத்தோடு என் மேசை முன் வரிசை நின்றது. அவர்கள் நினைத்தது சரி. சேமநிதி நம் சொந்தச் சேமிப்பு. இன்று குறைத்துக் கட்டினால் நாளை நமக்குத்தான் குறையும். அமெரிக்க ஏற்பாடு வேறு. குறைந்த தொகையை அரசுக் கருவூலம் அந்த நிதிக்கு ஈடு செய்தது. தொழிலாளியின் பிற்கால ஓய்வூதியத்தில் கை வைக்கவில்லை.

ஆண்டுக்கு 50,000 டாலர் சம்பாதிக்கும் குடும்பத்திற்கு இரண்டு விழுக்காடு என்றால் 1,000 டாலர். 2011இல் கிடைத்தது. மறுபடி போராடி, 2012 பிப்ரவரியில் சட்டத்தை நீட்டித்து, அந்த ஆண்டு முழுவதும் கிடைக்கச் செய்தார்கள்.

இப்போது கூட்டுங்கள். 2009க்கு 800. 2010க்கு 800. 2011க்கு 1,000. 2012க்கு 1,000. மொத்தம் 3,600 டாலர். 2012 தேர்தலில் ஒபாமா மேடைக்கு மேடை சொன்ன 3,600 டாலர் இதுதான். இது மந்திரக் கணக்கு அன்று. நாலாம் வகுப்புப் பிள்ளை கூட்டிப் பார்க்கும் கணக்கு. அமெரிக்க நாடாளுமன்றத்தின் வரவுசெலவு அலுவலகம் 2012 ஜூலையில் வெளியிட்ட அறிக்கையும், 1979 முதல் தொகுத்த கணக்கில் குடும்பங்கள் சராசரியாகச் செலுத்திய மத்திய வரி விகிதம் 2009இல்தான் மிகக் குறைவு என்று காட்டியது. அதில் ஒரு பகுதி, மந்தத்தால் வருமானமே குறைந்ததன் விளைவு என்பதையும் நான் மறைக்கவில்லை.

குறை இல்லாத கணக்கு உண்டா?

நண்பர் அடுக்கிய குற்றச்சாட்டுகளில் சிலவற்றுக்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

முதலாவது, சிகரெட் வரி. 250,000 டாலருக்குக் கீழே உள்ள எந்தக் குடும்பத்திற்கும் எந்த வரியும் ஏறாது என்று 2008இல் ஒபாமா வாக்களித்தார். 2009 பிப்ரவரியிலேயே சிகரெட் வரியை ஏற்றிக் கையெழுத்திட்டார். ஒரு பெட்டிக்கு 39 காசாக இருந்தது, ஒரு டாலர் ஒரு காசு ஆனது. அந்தப் பணம் ஏழைப் பிள்ளைகளின் மருத்துவக் காப்புறுதிக்குப் போனது. நோக்கம் நல்லதுதான். ஆனால் புகைப்பவர்களில் ஏழைகள் அதிகம். ‘எந்த வரியும்’ என்ற சொல் மீறப்பட்டது. இதில் நான் வக்காலத்து வாங்கவில்லை.

இரண்டாவது, மருத்துவக் காப்புறுதி எடுக்காதவருக்கு விதித்த அபராதம். அதை வரி என்ற கணக்கில்தான் உச்ச நீதிமன்றம் 2012 ஜூனில் செல்லுபடி ஆக்கியது. காப்புறுதி வைத்திருந்த பெரும்பாலான மக்களை அது தொடவில்லை என்றாலும், தொட்டவர்களுக்கு அது சுமைதான். பிறகு 2017இல் இயற்றிய சட்டம் 2019 முதல் அதைப் பூச்சியம் ஆக்கிவிட்டது.

மூன்றாவது, 400 டாலர் போய் இரண்டு விழுக்காடு வந்தபோது சிலருக்கு நட்டம். தனி ஆளாக ஆண்டுக்கு 20,000 டாலருக்கும் குறைவாகச் சம்பாதித்தவருக்கு முன்பு 400 கிடைத்தது, பின்பு அதைவிடக் குறைந்தது. மிகவும் கீழே இருந்தவர்கள்தான் இழந்தார்கள். இதை நண்பர் சொல்லவில்லை. நானே சொல்கிறேன்.

நான்காவது, கடன். அந்த நான்கு ஆண்டிலும் ஆண்டுக்கு ஒரு டிரில்லியன் டாலருக்கு மேல் பற்றாக்குறை. கடன் வாங்கிச் சலுகை கொடுக்கலாமா என்பது நியாயமான கேள்வி. நல்ல காலத்தில் கூடாது. கடை கடையாக மூடும் காலத்தில், மக்கள் கையில் காசு புழங்க வேறு வழி என்ன என்று திருப்பிக் கேட்கிறேன்.

இந்த நான்கையும் ஒரு தட்டில் வையுங்கள். நான்கு ஆண்டுச் சம்பளச் சீட்டுகளை மறு தட்டில் வையுங்கள். எந்தத் தட்டு தாழ்கிறது என்று நீங்களே சொல்லுங்கள்.

எதிரே நின்றவர் தந்த திட்டம்

வேட்பாளரைத் தனியாக வைத்து எடை போட முடியாது. எதிரே நின்றவர் என்ன சொன்னார் என்பதையும் பார்க்க வேண்டும். மிட் ரோம்னி, எல்லா வருமான வரி விகிதங்களிலும் ஐந்தில் ஒரு பங்கைக் குறைப்பேன், அரசின் வருவாயும் குறையாது, நடுத்தர வர்க்கத்தின் மீது சுமையும் ஏறாது என்றார். கேட்க இனிக்கிறது. ஆனால் புரூக்கிங்ஸ், அர்பன் ஆகிய இரு நிலையங்கள் சேர்ந்து நடத்தும் வரிக் கொள்கை மையம் 2012 ஆகஸ்டில் கணக்குப் போட்டுப் பார்த்தது. இந்த மூன்றும் ஒன்றாகப் பொருந்தி வராது, மேல்தட்டினரின் எல்லாச் சலுகைகளையும் நீக்கினாலும் மிச்சச் சுமை 200,000 டாலருக்குக் கீழே உள்ளவர்கள் தலையில்தான் இறங்கும் என்றது. ரோம்னி தரப்பு அந்த ஆய்வு ஒருதலைப்பட்சமானது என்று மறுத்தது. ஆனால் எந்தச் சலுகையை நீக்கி ஈடு கட்டுவார் என்ற முழுப் பட்டியலைத் தேர்தல் வரை தரவில்லை.

2012 அக்டோபர் 3ஆம் தேதி இருவரும் முதல் முறையாக நேருக்கு நேர் விவாதித்தார்கள். எந்த ஊரில் தெரியுமா? அதே டென்வர் நகரில். மீட்புச் சட்டத்தில் கையெழுத்திட்ட ஊரிலேயே, தான் செய்ததை எடுத்துச் சொல்ல முடியாமல் ஒபாமா திணறினார். அன்று வென்றவர் ரோம்னி என்றே எல்லாரும் சொன்னார்கள். செயலில் இருந்தது பேச்சில் இல்லை. அவருடைய உண்மையான குறை அதுதான் என்பேன்.

தேர்தலில் அவர் வென்றார். 2013 ஜனவரி 2ஆம் தேதி கையெழுத்திட்ட சட்டத்தின் மூலம், தனிநபருக்கு 400,000, தம்பதிக்கு 450,000 டாலருக்குக் கீழே வருமானம் உள்ளோர் அனைவருக்கும் குறைந்த விகிதங்களை நிரந்தரமாக்கினார். அதற்கு மேல் உள்ளோருக்கு உச்ச விகிதம் 35இல் இருந்து 39.6 ஆக ஏறியது. 2013 ஜனவரி பிறந்ததோடு அந்த இரண்டு விழுக்காட்டுச் சலுகையும் முடிந்தது. 50,000 டாலர் குடும்பத்திற்கு ஆண்டுக்கு 1,000 டாலர் குறைந்தது. அந்த மாதச் சம்பளத்தில் அது உடனே தெரிந்தது. மக்கள் கொதித்தார்கள்.

கவனியுங்கள் அன்பர்களே. அந்த 1,000 டாலர் வந்தபோது யாரும் கண்டுகொள்ளவில்லை. போனபோது எல்லாருக்கும் தெரிந்தது. வராத ஒன்று எப்படிப் போகும்? ஒபாமா கொடுத்தார் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேறு வேண்டுமா?

முடிவாக ஒன்று. தேர்தல் மேடைகளில் இந்தக் கட்சி கொடுத்தது, அந்தக் கட்சி கெடுத்தது என்ற சத்தம் எல்லா நாட்டிலும் கேட்கிறது. யார் சொல்வது உண்மை என்று அறிய நமக்கு நிபுணர் தேவையில்லை. நம் வீட்டு மேசை இழுப்பறையிலேயே சாட்சி கிடக்கிறது. இன்று இரவு வீட்டுக்குப் போனதும் உங்கள் சம்பளச் சீட்டை எடுத்துப் பாருங்கள். கீழே கைக்கு வந்த தொகையை மட்டும் பார்க்காமல், மேலே ஒவ்வொரு வரியாகப் படியுங்கள். போன ஆண்டுச் சீட்டையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். எது கூடியது, எது குறைந்தது, எந்த மாதத்தில் குறைந்தது என்று குறித்து வையுங்கள். அடுத்த முறை ஒரு வேட்பாளர் உங்கள் வாசலுக்கு வரும்போது அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள். பொய் சொல்ல வந்தவர் தடுமாறுவார். செய்தவருக்கோ, செய்ததைச் சொல்ல ஒரு நியாயமான சந்தர்ப்பம் கிடைக்கும். அந்தச் சந்தர்ப்பத்தைத்தான் ஒபாமாவுக்காக இன்று இந்த மேடையில் கேட்டேன்.